நடையும் நடமாட்டமும்: பாரிசவாதத்தின்பின் நடையாற்றலை அளந்த வரலாறு

வன்னிக் கிராமங்களிலே நோயுற்றுத் தேறிவரும் ஒருவரைப் பற்றி உசாவுவோர், "ஆள் எழும்பி நடமாடுறாரோ?" என்று கேட்பது வழக்கம். நடத்தல், நடமாடுதல் என்னும் இரண்டும் ஒலியால் நெருங்கிய சொற்களாயினும் பொருளால் ஒன்றல்ல. கட்டிலை விட்டெழுந்து விறாந்தையிலே நாலடி வைப்பவர் நடக்கிறார். படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கி, அயல்வீட்டிலே சற்றிருந்து கதைத்து, சந்திக்கடை வரை போய் மீள்பவரே நடமாடுகிறார். முன்னையது கால்களின் தொழில். பின்னையது வாழ்வின் தொழில்.

பாரிசவாதத்தினால் ஒருபக்கம் செயலிழந்து தேறிவருவோரின் நடையை மருத்துவ உலகம் அளக்க முற்பட்ட வரலாறு, ஒருவகையில் இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடந்த வரலாறேயாகும். கால்களின் அசைவை அளப்பதில் தொடங்கிய அம்முயற்சி, மனிதரின் நடமாட்டத்தை அளப்பதை நோக்கி மிக மெதுவாகவே வந்து சேர்ந்துள்ளது. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை எடுத்துரைத்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தில் அவ்வளவைகள் எவ்வாறு பொருள்படும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

பாரிசம் என்பது பக்கம். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதனாலோ வெடிப்பதனாலோ மூளையின் ஒரு பகுதி பழுதுற, அதற்கு எதிர்ப்புறத்துக் கையும் காலும் வலுவிழக்கின்றன. தமிழ் மருத்துவ மரபு இந்நோயைப் பாரிசவாதம் என்றும் பக்கவாதம் என்றும் வழங்கியது. நோய்மூலம் பற்றிய விளக்கம் காலந்தோறும் மாறியபோதிலும், ஒருபக்கம் விழுதலே நோயின் முகம் என்னும் நோக்கு அப்பெயர்களில் நிலைத்துவிட்டது.

இந்நோயினின்றும் தேறுவோரின் நடையைக் கண்டோர் மறவார். விழுந்த பக்கத்துக் கை முழங்கையில் மடிந்து மார்போடு ஒட்டிக்கொள்ளும். கால் முழங்காலில் மடியாது விறைத்து நிற்கும். பாதத்தின் முன்பகுதி தொங்குவதனால், நிலத்தில் இடறாமலிருக்கும் பொருட்டு அக்காலை வெளிப்புறமாக வட்டமிட்டு வீசி முன்கொணர வேண்டியிருக்கும். இதனால் ஒவ்வோர் அடிக்கும் மிகுந்த சக்தி செலவாகும். தசையின் வலு மாத்திரமன்றி, சமநிலை, தொடுகையுணர்வு, பார்வைப் புலம், விழுந்துவிடுவேனோ என்னும் அச்சம் ஆகியனவும் நடையைத் தீர்மானிக்கின்றன. ஆதலால் அதனை எந்த ஓர் எண்ணாலும் முற்ற உரைத்துவிட இயலாது.

முற்காலத்திலே பரியாரியார் நோயாளியின் வீட்டுக்குச் சென்றே பெரும்பாலும் வைத்தியம் பார்த்தார். அவர் கண்ட நடை, நோயாளியின் சொந்த முற்றத்திலே, சொந்தக் கிணற்றடியிலே நிகழ்ந்த நடையாகும். அவரிடம் அளவுகோல் இருக்கவில்லை; ஆனால் அளக்கவேண்டிய நிலம் அவர் கண்முன்னே இருந்தது. நவீன வைத்தியசாலையின் வரவோடு இந்நிலை தலைகீழாயிற்று. நோயாளி விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டார், அளவுகோல்கள் பெருகின, நிலமோ கண்ணினின்றும் மறைந்தது.

சுவடும் நிழற்படமும்

மனித நடையைக் கணித முறையில் நோக்கிய முன்னோடிகளுள் இத்தாலியரான பொரெல்லி குறிப்பிடத்தக்கவர். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவரது நூல், அவர் இறந்தபின்னர் 1680, 1681ஆம் ஆண்டுகளில் உரோமாபுரியில் வெளிவந்தது. உடலின் புவியீர்ப்பு மையம் எங்குள்ளது என்பதை, ஒருவரைப் பலகையிற் கிடத்தி அப்பலகையைச் சமன்செய்து அவர் கணித்தார். 1836இல் யேர்மனியைச் சேர்ந்த வேபர் சகோதரர் நடையின் பொறிமுறை பற்றிய நூலொன்றை வெளியிட்டு, அடியின் நீளத்தையும் அதற்கெடுக்கும் நேரத்தையும் அளந்து காட்டினர்.

இவர்கள் ஆராய்ந்தது நலமுடையோரின் நடையை. நோயுற்றோரின் நடையை அளவைக்கு உட்படுத்திய பெருமை பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியே மருத்துவமனைக்கு உரியது. அங்கு சார்க்கோவின் மாணவராயிருந்த ஜில் த லா தூரெத், நரம்புநோய்களில் நடை எவ்வாறு மாறுகிறது என்பது பற்றிய ஆய்வை 1886இல் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை மிக எளியது. ஏழெட்டு மீற்றர் நீளமான வெண்தாள் தரையில் விரிக்கப்பட்டது. நோயாளியின் உள்ளங்காலில் செந்நிற இரும்புத்துரு பூசப்பட்டது. அவர் நடந்து முடிந்ததும் தாளிற் பதிந்த சுவடுகளிலிருந்து அடியின் நீளம், அகலம், பாதத்தின் கோணம் ஆகியன அளக்கப்பட்டன. ஈரமண்ணிற் பதிந்த சுவட்டைப் பார்த்து, சென்றது இன்னாரென்று அறியும் வேடனின் அறிவும் இதுவும் ஓரினத்தவை எனலாம்.

அதே காலப்பகுதியில் மாரே பிரான்சிலும் மைபிரிட்ஜ் அமெரிக்காவிலும் தொடர்நிழற்படங்கள் மூலம் அசைவைப் பதிவுசெய்தனர். 1887இல் வெளிவந்த மைபிரிட்ஜின் பெருந்தொகுப்பிலே, பிலடெல்பியா நரம்பியல் மருத்துவரான டேர்கம் அனுப்பிவைத்த நோயாளரின் நடைப்படங்களும் இடம்பெற்றன. 1890களில் யேர்மனியில் பிரவுன், பிஷர் ஆகிய இருவரும் முப்பரிமாணக் கணிப்பின்மூலம் நடையை ஆராய்ந்தனர்.

இவ்வாய்வுகள் அறிவுக்குப் பெரும் விளைவைத் தந்தன. ஆயின் விடுதியிலிருந்த சாதாரண நோயாளிக்கு உடனடிப் பயன் தரவில்லை. ஒருவரின் நடையை விரித்துரைக்க நாட்கணக்கான கணிப்பு வேண்டியிருந்தது. அவர் சென்ற மாதத்தினும் இம்மாதம் தேறியுள்ளாரா என்னும் கேள்விக்கு விரைவாக விடைதரும் கருவி அப்போது உருவாகவில்லை.

தரம்பிரித்தல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், முதியோர் மருத்துவமும் புனர்வாழ்வு மருத்துவமும் தனித்துறைகளாக வளர்ந்தபோது அக்கேள்வி வலுப்பெற்றது. 1957இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவரான யோன் றாங்கின், பாரிசவாதம் கண்ட முதியோரின் நிலையை ஐந்து தரங்களாக வகுத்தார். பிறர் துணையின்றி நடக்கும் ஆற்றலே மூன்றாம் தரத்தையும் நான்காம் தரத்தையும் பிரிக்கும் கோடுகளுள் முதன்மையானது. பிற்காலத்தில் திருத்தப்பட்ட வடிவில் இவ்வளவை உலகெங்கும் பாரிசவாத ஆய்வுகளுக்கு அடிப்படையாயிற்று. இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரைக் கொண்டு, குடும்பத்தவரைப் பயிற்றி வீட்டிலே புனர்வாழ்வு அளிப்பது பயன்தருமா என ஆராய்ந்து 2017இல் முடிவு வெளியிட்ட பேராய்வும் இவ்வளவையையே முதன்மையாகக் கொண்டது. ஆறு மாதத்தின்பின் மரணத்தையோ பிறரில் தங்கிவாழும் நிலையையோ அப்பயிற்சி குறைக்கவில்லை என்பது அதன் முடிவு.

1965இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மஹோனி என்னும் மருத்துவரும் பார்தெல் என்னும் இயன்மருத்துவரும் நூறு புள்ளிகள் கொண்ட சுட்டியொன்றை வெளியிட்டனர். உண்ணல், குளித்தல், உடுத்தல், மலசலக் கட்டுப்பாடு முதலாய பத்து அன்றாடச் செயல்களுக்கு அதிலே புள்ளிகள் வழங்கப்பட்டன. சமதரையில் பிறர் உதவியின்றி 50 யார் நடப்பவருக்கு 15 புள்ளி. படி ஏறி இறங்குபவருக்கு 10 புள்ளி. நூறு புள்ளியும் பெற்றவர் தனித்து வாழ வல்லவரென்று கொள்ளலாகாது என்றும், அவர் சமைக்கவோ வீட்டைப் பராமரிக்கவோ வெளியுலகோடு பழகவோ இயலாதவராக இருக்கலாம் என்றும் அதனை ஆக்கியோரே எச்சரித்தனர். சுட்டி உலகெங்கும் பரவியது. எச்சரிக்கையோ அவ்வளவு தூரம் பயணம் செய்யவில்லை.

1984இல் ஹோல்டன் முதலானோர் நடையை மாத்திரம் ஆறு தரங்களாக வகுத்தனர். நடக்க இயலாமை பூச்சியம். ஒருவர் தொடர்ந்து உறுதியாகத் தாங்க நடத்தல், ஒருவர் இலேசாகப் பிடிக்க நடத்தல், ஒருவர் அருகே கண்காணிக்க நடத்தல், சமதரையில் தனித்து நடத்தல் என்று தரம் உயர்ந்துசென்று, சமனற்ற நிலத்திலும் படியிலும் சரிவிலும் தனித்து நடப்பவர் ஐந்தாம் தரத்தை எய்துவார். சமதரைக்கும் சமனற்ற நிலத்துக்கும் இடையே ஒரு தரவேறுபாடு உண்டென்று இவ்வகுப்பு ஏற்றுக்கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது.

கடிகாரத்தின் ஆட்சி

தரம்பிரித்தலில் ஒரு குறை உண்டு. மூன்றாம் தரத்தில் நிற்பவர் இரண்டு மாதம் முயன்று பெருமளவு தேறினாலும், நான்காம் தரத்தின் வாயிலைத் தாண்டாதவரை ஏட்டிலே அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். சிறு முன்னேற்றத்தையும் காட்டவல்ல அளவைக்கான தேடல் நிறுத்தற் கடிகாரத்திடம் கொண்டுசென்றது.

இதற்கான தூண்டுதல் வேறு துறையிலிருந்து வந்தது. 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவரான கூப்பர், பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் ஓடும் தூரத்தைக்கொண்டு உடற்றகைமையை மதிப்பிடலாம் என்று காட்டினார். 1976இல் பிரித்தானிய மருத்துவர் அதனை நெடுநாட் சுவாசநோயாளருக்கு ஏற்ற பன்னிரண்டு நிமிட நடையாக மாற்றினர். நோயாளருக்கு அந்நேரமும் நெடிதாய் இருந்தமையால், 1982இல் பட்லண்ட் முதலானோர் இரண்டு, ஆறு, பன்னிரண்டு நிமிட நடைகளை ஒப்பிட்டு, ஆறு நிமிடம் போதுமானதென்று காட்டினர். 2002இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் அதற்கு நெறிமுறை வகுத்து, 30 மீற்றர் நீளமான நேரிய கூடம் வேண்டுமென விதித்தது. சுவாசநோய்க்கென எழுந்த இச்சோதனை பின்னர் பாரிசவாதத்துக்கும் உரியதாயிற்று.

மறுபுறம், குறுந்தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடக்கிறார் என்பதும் அளக்கப்பட்டது. 1987இல் வேட் முதலானோர், பாரிசவாதத்தின் முதல் மூன்று மாதங்களில் நடை மீளும் விதத்தைப் பத்து மீற்றர் நடையின்மூலம் ஆராய்ந்தனர். 1991இல் கனடாவில் பொட்சியாட்லோ, றிச்சட்சன் ஆகிய இருவரும், கதிரையிலிருந்து எழுந்து மூன்று மீற்றர் நடந்து திரும்பிவந்து அமர எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனையை வெளியிட்டனர். இச்சோதனைகளுக்கு வேண்டியவை கடிகாரம், அளவுநாடா, கதிரை ஆகியன மாத்திரமே. செல்வமிக்க நாட்டு ஆய்வுகூடத்திலும் வறிய நாட்டுக் கிராமிய வைத்தியசாலையிலும் ஒரேவிதமாகச் செய்யக்கூடியவை என்பது இவற்றின் பெருஞ்சிறப்பு.

அளவைகள் கிடைத்ததும் நோயின் போக்கும் தெளிவுற்றது. கொப்பன்கேகன் நகரில் 804 நோயாளரைத் தொடர்ந்து அவதானித்து 1995இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, அனுமதிக்கப்பட்டபோது நூற்றுக்கு 51 பேர் நடக்க இயலாதிருந்தனர். புனர்வாழ்வு முடிந்த வேளையில் நூற்றுக்கு 50 பேர் தனித்து நடந்தனர். நடையின் மீட்சி பெரும்பாலோரில் முதல் பதினொரு வாரங்களுக்குள்ளேயே நிகழ்ந்து முடிந்தது. பிந்திய முயற்சி பயனற்றதென்பது இதன் பொருளன்று. ஆயின் முதல் மூன்று மாதங்கள் எவ்வளவு அருமையானவை என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. அக்காலத்திலேதான் நோயாளி வைத்தியசாலைக்குச் செல்லப் பிறர் உதவியை மிகுதியும் நாடவேண்டியுள்ளது என்பதும் சிந்திக்கத்தக்கது.

கூடத்திலிருந்து வீதிக்கு

பத்து மீற்றரைப் பதினைந்து செக்கனிற் கடந்தார் என்பது ஓர் எண். அவ்வெண்ணைக்கொண்டு அவர் எங்கே போகவல்லவர் என்று கூறமுடியுமா? இவ்வினாவை நேரடியாக எழுப்பியவர் கலிபோர்னியாவின் ராஞ்சோ லொஸ் அமிகோஸ் புனர்வாழ்வு நிலையத்தைச் சேர்ந்த யக்குலின் பெரி என்னும் மருத்துவ அம்மையார். 1995இல் அவரும் உடனாய்வாளரும் 147 நோயாளரிடம், வீட்டிலும் வெளியிலும் அவர்கள் உண்மையில் எங்கெங்கு நடக்கின்றனர் என்று வினவி, விடைகளை நடைவேகத்தோடு ஒப்பிட்டனர். செக்கனுக்கு 0.4 மீற்றருக்குக் குறைந்த வேகமுடையோர் வீட்டெல்லைக்குள் அடங்கியோர், 0.4 முதல் 0.8 வரை உள்ளோர் வெளியே ஓரளவு செல்வோர், 0.8ஐத் தாண்டியோர் சமூகத்திற் தாராளமாக நடமாடுவோர் என்னும் பகுப்பு இவ்வாய்வின் வழியே நிலைபெற்றது. பத்து மீற்றர் நடையில் இவ்வெல்லைகள் முறையே 25 செக்கனும் 12.5 செக்கனும் ஆகும். கூடத்தில் ஓடிய கடிகாரம் முதன்முறையாக வீதியைப் பற்றிப் பேசத் தொடங்கியது எனலாம்.

இதே நோக்கு வேறு வடிவங்களிலும் வெளிப்பட்டது. ஒக்ஸ்போட்டிலுள்ள றிவர்மீட் நிலையத்திலே 1991இல் ஆக்கப்பட்ட பதினைந்து வினாக்கொண்ட சுட்டி, புல், கல், மண், பனி, உறைபனி ஆகிய சமனற்ற நிலங்களில் துணையின்றி நடப்பீரா என்று நோயாளியிடம் கேட்கிறது. 2001இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாடு, சோதனைச் சூழலில் ஒருவருக்கு இயலுவது வேறு, தம் வாழ்க்கைச் சூழலில் அவர் செய்வது வேறு என்று பிரித்துக் காட்டியது. 2004இல் நியூசிலாந்தில் வெளிவந்த ஆய்வொன்றில், வீடு திரும்பிய நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர், வெளியே போய்வருதல் தமக்கு மிக முக்கியமானது அல்லது இன்றியமையாதது என்றனர். அவர்கள் தம் மொழியிற் கூறியது எதுவோ அதையே வன்னியார் நடமாட்டம் என்கின்றனர்.

வன்னி நிலத்தில்

இங்கிலாந்துச் சுட்டி பனியையும் உறைபனியையும் பற்றிக் கேட்பதில் வியப்பில்லை. அது பிறந்த நிலம் அத்தகையது. வன்னியில் ஆக்கப்படும் சுட்டியொன்று எதைக் கேட்கவேண்டும் என்பதற்கு அந்நிலத்தின் வரலாறே விடைதரும்.

வவுனியாவில் நிருவாக அதிகாரியாகப் பணியாற்றிய ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், காடும் குளமும் சூழ்ந்த, குடித்தொகை அருகிய ஒரு நிலத்தையே காட்டுகிறது. காய்ச்சலே அந்நாளைய பெரும் பகை. 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்ற இரணைமடுக்குள வேலையும், அதனைத் தொடர்ந்த குடியேற்றத் திட்டங்களும் மக்களைக் கொணர்ந்தன. குடியேறியோருக்கு மேட்டுக்காணியும் வயற்காணியும் வழங்கப்பட்டமையால், யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல வீடுகள் நெருங்கி அமையவில்லை. படலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு வெளி. வீட்டுக்கும் வயலுக்கும் இடையே ஒரு வாய்க்கால். ஊருக்கும் வீதிக்கும் இடையே கிரவல் பாதை. 1978இல் முல்லைத்தீவும் 1984இல் கிளிநொச்சியும் தனி மாவட்டங்களாயின. மலேரியாவும் காலப்போக்கில் ஒழிந்தது; 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. காய்ச்சலுக்கு இளமையிற் பலியான தலைமுறைகளின் இடத்தில் முதுமை எய்தும் தலைமுறை வந்தது. உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் அவற்றின் வழியே பாரிசவாதமும் முன்னணிக்கு வந்தன.

இவற்றினிடையே போரும் அந்நிலத்தின்மீது கடந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட மக்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்துசேர்ந்தனர். 2008ஆம் ஆண்டிலும் 2009 மே வரையிலும் வன்னி மக்கள் மேற்கிலிருந்து கிழக்குக் கரை நோக்கி மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அவ்வேளையில் ஒருவரால் நடக்க முடியுமா என்பது வைத்தியக் குறிப்பேட்டு வினாவாக இருக்கவில்லை. நடக்க இயலாத முதியோர் துவிச்சக்கரவண்டியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் பிள்ளைகளின் தோளிலும் சென்றனர். போரின் முடிவில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா முகாம்களில் வைக்கப்பட்டனர். மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. நடையின் அருமையை இத்துணைக் கொடிய விலைகொடுத்து அறிந்த மக்கள் அரியர்.

நிலத்துக்கேற்ற அளவை வேண்டும் என்பதை அவயவம் இழந்தோரின் அனுபவம் முன்னரே உணர்த்தியிருந்தது. மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்தணிந்து சமதரையில் நடப்போருக்காக ஆக்கப்பட்டது. வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கும் குந்தியிருந்து வேலை செய்பவருக்கும் அது பயன்படவில்லை. இக்குறையைக் கண்ட கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அறுவை மருத்துவர் பி. கே. சேத்தியும் இராஜஸ்தானின் ஜெய்ப்பூர் நகரில் 1960களின் இறுதியில் இறப்பர்ப் பாதத்தை உருவாக்கினர். அப்பாதம் 1987இல் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்ட ஜெய்ப்பூர் நிலையத்தின் வழியே வடபகுதிக்கும் வந்தது. பாதத்துக்குப் பொருந்திய இவ்வுண்மை அளவுகோலுக்கும் பொருந்தும்.

வன்னியிலே தூரத்தை உரைக்கும் பழைய சொல் கட்டை. கண்டி - யாழ்ப்பாண வீதியின் மைற்கற்களால் இடங்கள் பெயர்பெற்றன. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்பது இன்றும் ஓர் இடத்தின் பெயராகவே வழங்குகிறது. ஒரு கட்டை 1,760 யார். பார்தெல் சுட்டியில் முழுப்புள்ளி பெற வேண்டிய 50 யார், அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைந்தது. செக்கனுக்கு 0.4 மீற்றர் வேகத்தில் நடப்பவர், இடையில் ஓயாது நடக்க வல்லவரெனினும், ஒரு கட்டையைக் கடக்க ஏறத்தாழ 67 நிமிடம் செல்லும். 0.8 மீற்றர் வேகமுடையவருக்கும் அரைமணிக்கு மேலாகும். பஸ் தரிப்பிடம் ஒரு கட்டைத் தூரத்தில் இருக்குமாயின், ஏட்டிலே 'தனித்து நடப்பவர்' என்று குறிக்கப்பட்ட ஒருவர் மறுமாதச் சிகிச்சைக்கு வரமுடியாதவராக இருக்கலாம். அவர் வராமையைக் கவனமின்மை என்று எவரும் கொள்ளக்கூடும். உண்மையில் அது கணக்கின் விளைவு.

தூரம் மாத்திரமன்று, தரையும் கவனிக்கற்பாலது. தொங்கும் பாதத்தையுடைய ஒருவருக்குச் சீமெந்துத் தரை ஓரளவு இடங்கொடுக்கும். வயல் வரம்போ ஓரடி அகலமானது. காலை வட்டமிட்டு வீச அங்கே இடமில்லை. மாரியிற் களிமண் பாதத்தைப் பற்றிக்கொள்ளும். கோடையிற் கரைதுறைப்பற்றின் மணல் உள்வாங்கும். ஊன்றுகோலின் முனை இவ்விரண்டிலும் புதையும். கிணற்றடி வழுக்கும். வீட்டிலிருந்து விலகி அமைந்த மலசலகூடத்துக்கு இரவிலே போகவேண்டும். அங்கே குந்தி எழவும் வேண்டும். பாயிலிருந்து எழுதல், கதிரையிலிருந்து எழுதலினும் பன்மடங்கு கடினமானது. கதிரையிலிருந்து தொடங்கும் சோதனை இதனைக் காணாது.

இவ்வேறுபாட்டின் விளைவை நோயாளி மாத்திரம் சுமப்பதில்லை. போரிலே குடும்பத் தலைவரை இழந்த வீடுகள் வன்னியிற் பல. உழைக்கப் போகவேண்டிய மகளோ மருமகளோ, கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் தாயைத் தாங்கிச் செல்ல வீட்டிலே நிற்பாளாயின், அவ்வீட்டின் ஒருநாட் கூலி போகும். அம்முதியவள் தனித்து முப்பது யார் போய்வரக் கற்றுக்கொண்டால் மகள் வேலைக்குப் போவாள். பத்து மீற்றர் நடையில் இரண்டு செக்கன் குறைந்தது என்பதினும் இம்முன்னேற்றம் பெரிது. ஆயின் அதற்கென ஒரு நிரல் குறிப்பேட்டில் இல்லாவிடின் அது நிகழாததாகவே கருதப்படும்.

அளவைகளின் பயன்

இதனாற் கடிகாரத்தையும் அளவுநாடாவையும் ஒதுக்கிவிடவேண்டும் என்பது பெறப்படாது. ஒருவரின் முன்னேற்றத்தைச் சார்பின்றிக் காட்டவும், ஓரிடத்து நோயாளரை வேறோரிடத்தாரோடு ஒப்பிடவும் பத்து மீற்றர் நடையைப் போல எளியதும் நம்பகமானதும் அரிது. மாவட்ட வைத்தியசாலையிலும் கிராமத்து முற்றத்திலும் அதனைச் செய்யலாம். அவ்வெண்ணின் அருகே வேறு சில எண்களும் எழுதப்படவேண்டும் என்பதே வரலாறு கற்பிக்கும் பாடம். கட்டிலிலிருந்து மலசலகூடம் எத்தனை அடி? படலை எத்தனை அடி? பஸ் தரிப்பிடம் எத்தனை கட்டை? இடையில் உள்ளது மணலா, களியா, கிரவலா? நோயாளி எங்கே போய்வர விரும்புகிறார்? ஒருவருக்கு அது வயற்காணியாக இருக்கலாம். இன்னொருவருக்கு வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளை அம்மன் சந்நிதியாக இருக்கலாம்.

செலவுமிக்க பொறிகள் இல்லையென்று சோர்வுறவும் காரணமில்லை. அமெரிக்காவில் 408 நோயாளரைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உடற்பாரத்தைத் தாங்கும் நடைப்பொறியிற் பயின்றோரையும், இயன்மருத்துவரின் வழிகாட்டலில் வீட்டிலே பயிற்சி செய்தோரையும் ஒப்பிட்டது. ஓராண்டின் முடிவில் மொத்தத்தில் நூற்றுக்கு 52 பேர் நடையின் படிநிலையில் உயர்ந்தனர்; பொறியிற் பயின்றோர் வீட்டிற் பயின்றோரை விஞ்சவில்லை. அங்கு உயர்வை அளந்த கோல் பெரி அம்மையாரின் வேகப் பகுப்பே. இந்திய ஆய்வில் குடும்பத்தவரின் முயற்சி மாத்திரம் போதாதிருந்ததையும் இதனோடு இணைத்து நோக்குமிடத்து, பொறியினும் பயிற்சிபெற்ற இயன்மருத்துவர் வீடுதேடி வருதலே வன்னிக்கு வேண்டியது என்னும் முடிவு வலுப்பெறுகிறது. பரியாரியாரின் பழைய வழக்கம் புதிய அறிவோடு மீள்வதற்கு அது ஒப்பாகும். அவர் வரும்போது கடிகாரமும் கூடவே வரும்; அளக்கவேண்டிய நிலம் அங்கே காத்திருக்கும்.

பொரெல்லியின் பலகையிலிருந்து பெரியின் வேக எல்லைகள் வரை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. அந்நெடும் பயணத்திலே அளவைகள் நுண்மை பெற்றன, எளிமை பெற்றன, இறுதியில் நோயாளியிடம், 'நீர் எங்கே போகிறீர்?' என்று கேட்கவும் கற்றன. அக்கேள்விக்கான விடையை வன்னியின் ஒழுங்கைகளிலும் வரம்புகளிலும் அளந்து எழுதும் பணி, மருத்துவம், புவியியல், சமூகவியல் பயிலும் மாணவர் யாவருக்கும் பொதுவானது. படலையைத் தாண்டி ஒருவர் சந்திக்கடைக்கு வந்து அமர்ந்த அன்றுதான், "ஆள் நடமாடுறார்" என்று ஊர் சொல்லும். மருத்துவக் குறிப்பேடும் அன்றுதான் அவ்வாறு எழுதவேண்டும்.